பண்ணையாரின் படத்துக் குளம்

பண்ணையார் சிங்காரவேலுவுக்கு ஊர்ப் பொதுக்குளத்தின் மேல் வெகுநாளாக ஒரு கண். அதில் வாத்து மேய்த்துப் பிழைத்துவந்த பொன்னுருவியை விரட்டிவிட்டு மீன் வளர்க்க ஆசைப்பட்டார். குளத்தைப் பார்வையிட வந்த தாசில்தாரிடம் படம் போட்ட பழைய தபால் அட்டை ஒன்றை நீட்டினார். அதில் ஒரு நீர்நிலை, கரையில் பெரிய பங்களா.

“இந்தக் குளத்தங்கரையில இருந்து இடிஞ்சுபோன எங்க தாத்தா பங்களாங்க இது. கரை எங்களுதுன்னா குளமும் எங்களுதுதானே?” என்றார்.

கூடியிருந்த ஊர்க்காரர்கள் அட்டையை எட்டிப் பார்த்தார்கள். பொன்னுருவி மட்டும் அட்டையை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஐயா சொல்றது சத்தியம் சாமி. இதே பங்களாதான். திருட்டுப்போன அம்மன் சிலையை இந்த வீட்டுக்காரருதான் ஒளிச்சு வச்சிருந்தாருன்னு எங்க அப்பன் சொல்லும்.”

தாசில்தார் நிமிர்ந்தார். “சிலைத் திருட்டா? அப்போ போலீசுக்குச் சொல்லணுமே. வாரிசு நீங்கதானே?”

பண்ணையார் அட்டையை வெடுக்கென்று பிடுங்கினார். “ஐயையோ, இது எங்க வீடே இல்லீங்க! கொடைக்கானல் ஏரிங்க! அங்கே பழைய சாமான் கடையில நான் வாங்கின அட்டைங்க!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குளம் ஊருக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டு, தாசில்தார் பொன்னுருவி பக்கம் திரும்பினார்.

“அது சரி, சிலை எந்தக் கோயில்ல காணாமப் போச்சு?”

“ஐயா தாத்தா பங்களாவை எங்கே புடிச்சாரோ, நானும் சிலையை அங்கேதான் புடிச்சேன் சாமி” என்றாள் பொன்னுருவி, வாத்துகளைக் குளத்தில் இறக்கிவிட்டபடி.