ஊதத் தெரிஞ்சவருக்கு உறிஞ்சத் தெரியலை

ஒரு ஊர்ல ஒரு கேள்வி இருந்துச்சு. ராஜா இல்லை, ராணி இல்லை, வெறும் கேள்விதான். "புரிஞ்சுதா?" இதுதான் அந்தக் கேள்வி. அந்தக் கேள்விக்குச் சொந்தக்காரங்க ஜெபக்கனி சிஸ்டர். சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில பதினொரு வருஷமா நர்ஸ். ஊர் பேரா? பேரு எதுக்கு, நீ என்ன அங்க போய் ஊசி போட்டுக்கப் போறியா? ம் கொட்டு, அது போதும்.

ம்.

அந்தச் சிஸ்டர் மருந்தைக் கொடுத்து, எப்படிச் சாப்பிடணும்னு கடகடகடன்னு சொல்லுவாங்க. கமா கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. கடைசியில ஒரே ஒரு கேள்விக்குறி. "புரிஞ்சுதா?" உடனே எல்லாரும், "புரிஞ்சுது சிஸ்டரம்மா." பதினொரு வருஷத்துல ஒருத்தர்கூட புரியலைன்னு சொன்னதில்லை. சிஸ்டருக்கு அதுல ரொம்பப் பெருமை.

அப்போ ஒரு நாள் மாசானம் வந்தார். அவர் நாயனக்காரர். நாயனம்னா நாகஸ்வரம், கல்யாணத்துல பீபீன்னு ஊதுவாங்களே, அது. அந்த ஊர் அம்மன் கோயில் கொடைக்கு நாப்பத்தெட்டு வருஷமா அவர்தான் ஊதுறார். கொடைன்னா திருவிழா. அவர் ஊதினாத்தான் அம்மன் கண்ணையே திறப்பான்னு ஊர்ல பேச்சு. அம்மன்கிட்ட யாரும் கேட்டதில்லை, அது வேற விஷயம்.

ஆனா அன்னிக்கு அவர் நெஞ்சுக்குள்ள ஒரு பூனைக்குட்டி புகுந்த மாதிரி சத்தம். கீய்ய்... கீய்ய்... நாலு வார்த்தை பேசறதுக்குள்ள ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்கறார்.

"சிஸ்டரம்மா, இன்னும் மூணு வாரத்துல கொடை. நாயனத்தை எடுத்தா... பாதிப் பாட்டுல மூச்சு அறுந்து போகுது. கோயில் தலைவர் பரமார்த்தலிங்கம் சொல்லிட்டாரு. 'உம்மால முடியலைன்னா சொல்லும்வே, கேரளாவுல இருந்து செண்டை மேளம் கொண்டாந்துருவோம்'ங்காரு. ஒரு வருஷம் செண்டை உள்ள வந்துட்டா, அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா?"

டாக்டர் பார்த்தார். இழுப்புன்னு சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். வாய்ல வச்சு அமுக்கினா புஸ்ஸுன்னு மருந்து வருமே, அது. ஜெபக்கனி சிஸ்டர் அதைக் கையில கொடுத்து, "நல்லா குலுக்கி மூச்சை முழுசா வெளிய விட்டு வாய்ல வச்சு உதட்டை மூடி மெதுவா உள்ள இழுத்துக்கிட்டே அமுக்கி பத்து எண்ற வரைக்கும் மூச்சை அடக்கி அப்புறம் விட்டு வாய் கொப்பளிச்சுத் துப்பிடணும் காலையும் சாயங்காலமும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சிஸ்டரம்மா."

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

சரி. ஒரு வாரம் ஆச்சு. மாசானம் திரும்ப வந்தார். உள்ள இருந்த பூனைக்குட்டி இப்போ பெரிய பூனை. கீஈஈய்ய்... "ஒழுங்கா அடிச்சீங்களா?" "ஒரு வேளைகூட விடலைம்மா." சிஸ்டர் இன்ஹேலரை வாங்கிப் பார்த்தாங்க. அதுல எத்தனை தடவை அமுக்கினோம்னு காட்டுற நம்பர் இருக்கும். சரியாக் குறைஞ்சிருந்தது. அப்போ மருந்துதான் மட்டம்னு முடிவு பண்ணிட்டாங்க. தெரியாத மருந்து மேல பழி போடறது ரொம்பச் சுலபம். அது எதிர்த்துப் பேசாது பாரு.

அப்புறம் மறுநாள் காலையில வாசல்ல ஒரு ஆட்டோ. டுடுடுடு... டக். உள்ள இருந்து கருத்தையாவைக் கைத்தாங்கலா இறக்கினாங்க. கருத்தையா யாருன்னா, மாசானத்துக்குத் தவில் வாசிக்கிறவர். நாயனமும் தவிலும் புருஷன் பெண்டாட்டி மாதிரி, ஒண்ணு இல்லாம ஒண்ணு வெளிய போகாது. அவருக்கு முந்தின நாள் வயித்தால போச்சுன்னு சிஸ்டர்தான் உப்பு சர்க்கரைப் பொட்டலம் நாலு கொடுத்து அனுப்பியிருந்தாங்க. ஓ.ஆர்.எஸ். பொட்டலம். இப்போ பார்த்தா, கண்ணு குழிக்குள்ள போயிருச்சு, நாக்கு காஞ்ச வெத்தலை.

கூட வந்த பொண்டாட்டி பூரணம் ஒரு பிடி பிடிச்சாங்க. "என்ன மாவு கொடுத்தீங்க சிஸ்டரம்மா? குடிக்கக் குடிக்கக் கூடுதலாப் போகுது! குளுக்கோஸ் பாட்டிலை ஏத்துங்க, அதுதான் கேக்கும்."

"எப்படிக் கலக்கினீங்க?"

"ஒரு டம்ளர் தண்ணியில ஒரு பொட்டலம்."

"டம்ளரா! ஒரு லிட்டர்ல கலக்கச் சொன்னேனே?"

"காட்டமா இருந்தாத்தானே நோய் பயப்படும்? கஷாயத்தைத் தண்ணியாவா வைப்போம்?"

இங்க ஒரு விஷயம் சொல்லணும், நீ தூங்குற மாதிரி நடிச்சாலும் சொல்லுவேன். அந்தப் பொடி உடம்புக்குள்ள தண்ணியைக் கூட்டிட்டுப் போற வழிகாட்டி. வழிகாட்டி அளவா இருக்கணும். கூட்டமாப் போய் நின்னா, உள்ள இருக்கிற தண்ணியையும் வெளிய இழுத்துட்டு வந்துரும். அதனாலதான் ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். முக்கா லிட்டரைக் காட்டி ஒரு லிட்டர்னு சொல்றவங்க உலகத்துல உண்டு. அவங்ககிட்ட பால்கூட வாங்கக் கூடாது.

ம்.

சிஸ்டர் தலையில கை வச்சுட்டாங்க. "பூரணம், நான் புரிஞ்சுதான்னு கேட்டேன்ல? புரிஞ்சுதுன்னு சொன்னீங்கல்ல?"

பூரணம் ஒரு எட்டு பக்கத்துல வந்தாங்க. அப்புறம் குரலை இறக்கிச் சொன்னாங்க, "நீங்க அம்புட்டுப் பிரியமா, அம்புட்டு வேகமாச் சொல்றீங்க. புரியலைன்னு எப்படிம்மா சொல்றது? உங்க மனசு சங்கடப்படாதா?"

பொத்துன்னு சிஸ்டர் நாற்காலியில உக்காந்துட்டாங்க. பதினொரு வருஷம்! ஊரே அவங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னு புரிஞ்சுது புரிஞ்சுதுன்னு சொல்லியிருக்கு. எத்தனை டம்ளர், எத்தனை பொட்டலம்! மரியாதையால ஒரு ஊருக்கே வயித்தால போயிருக்கு.

டாக்டர் வந்து கருத்தையாவைப் பார்த்தார். "வாய்வழியாக் குடிக்க முடியுது. குளுக்கோஸ் வேண்டாம். பக்கத்துலயே வச்சுப் பாருங்க"ன்னுட்டார். அப்போ சிஸ்டர் கடகடன்னு பேசலை. ஒரு காலி லிட்டர் பாட்டிலையும் ஒரு பொட்டலத்தையும் பூரணம் கையில கொடுத்து, ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க.

"காட்டுங்க."

பூரணம் கையைக் கழுவினாங்க. சர்ர்ர். கொதிக்க வச்சு ஆறின தண்ணியைப் பாட்டில் கழுத்து வரைக்கும் ஊத்தினாங்க. க்ளக் க்ளக் க்ளக். பொட்டலத்தைப் பாதி கொட்டிட்டு மீதியை மடிச்சு இடுப்புல சொருகப் போனாங்க. "ஏன் அதை வைக்கிறீங்க?" "சாயங்காலத்துக்கு." "இல்லை, முழுசும் இதுலதான்." கொட்டிக் குலுக்கியாச்சு. கருத்தையா பாட்டிலைப் பிடுங்கி மடக் மடக்னு குடிச்சார். உவ்வே! எல்லாம் வெளிய. "அண்ணே, தவிலைத் தட்டுற வேகத்துல குடிக்காதீங்க. ஒரு வாய், கொஞ்சம் நிறுத்து. ஒரு வாய், கொஞ்சம் நிறுத்து." கருத்தையா பலவீனமாச் சிரிச்சார். "விளம்ப காலம்னு சொல்லுங்கம்மா, மெதுவா வாசிக்கிறதுன்னு புரியும்." அப்புறம் மத்தியானத்துக்குள்ள ஒரு பாட்டில் உள்ள போச்சு, உள்ளேயே நின்னுச்சு. ஒண்ணுக்குப் போனார், உடம்புல தண்ணி சேந்துருச்சுன்னு அர்த்தம். ஒருத்தர் ஒண்ணுக்குப் போனதுக்கு ஒரு ஆஸ்பத்திரியே சந்தோஷப்பட்டது அன்னிக்குத்தான்.

சிரிக்காதே, தூக்கம் கலைஞ்சிரும்.

அப்போ சிஸ்டருக்கு மாசானம் ஞாபகம் வந்துச்சு. ஐயையோ! ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. மாசானம் வந்தார், நாயனப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு. கீய்ய்... கீய்ய்...

"மாசானம் அண்ணாச்சி, இன்ஹேலரை எப்படி அடிக்கிறீங்க? காட்டுங்க."

மாசானம் குலுக்கினார். வாய்ல வச்சார். அமுக்கினார். அமுக்கின கையோட ஊதினார் பாரு, புஸ்ஸ்ஸ்! மருந்தெல்லாம் சிஸ்டர் கண்ணாடி மேல. எங்கும் பனிமூட்டம்.

"ஊதக் கூடாது அண்ணாச்சி! உள்ள இழுக்கணும்!"

"வாய்ல ஒண்ணை வச்சா ஊதித்தாம்மா பழக்கம்."

ரெண்டாவது தடவை. அமுக்கினார், உள்ள இழுத்தார். சிஸ்டர் அப்பாடான்னாங்க. ஆனா கன்னம் ரெண்டும் பொம்முன்னு உப்பிக்கிட்டே போகுது, எண்ணெய்ல போட்ட பூரி மாதிரி. நாயனக்காரங்க காத்தைக் கன்னத்துலதானே சேத்து வைப்பாங்க? மருந்தும் அங்கேயே வாடகைக்கு உக்காந்துருச்சு. வாயைத் திறந்தார், புகையா வெளிய வந்துருச்சு.

மூணாவது தடவை. கன்னத்தைக் கையால அழுத்திக்கிட்டார். உதட்டை இறுக்கி மூடினார். அமுக்கினார். ஸ்ஸ்ஸ்னு மூச்சு உள்ள போகுது. ஆனா எது வழியா? மூக்கு வழியா! வாய்ல ஊதிக்கிட்டே மூக்கால மூச்செடுக்கிறதுதானே அவர் வித்தை? அதனாலதானே பாட்டு நடுவுல அறாது? மருந்து வாய்க்குள்ள நின்னு, யாரும் வந்து கூட்டிட்டுப் போகலையேன்னு முழிக்குது.

மாசானத்துக்குக் கண் கலங்கிருச்சு. "நாப்பத்தெட்டு வருஷமா மூக்கு உள்ள, வாய் வெளிய. இப்போ வாய் உள்ளங்கிறீங்க. இது என்னால ஆகாதும்மா. செண்டைக்காரனை வரச் சொல்லிருங்க." கொஞ்சம் கோபமும் வந்துச்சு. "எங்க, நீங்க செஞ்சு காட்டுங்க பார்ப்போம்!"

சிஸ்டர் மருந்து இல்லாத சாம்பிள் இன்ஹேலரை எடுத்தாங்க. பழகிக் காட்டுறதுக்குன்னு அலமாரியில பதினொரு வருஷமா இருக்கு. பிரிச்சதே அன்னிக்குத்தான். வாய்ல வச்சாங்க, அமுக்கினாங்க, இழுத்தாங்க. லொக்! லொக்! லொக்! முதல்ல மூச்சை வெளிய விட மறந்துட்டாங்க. வேடிக்கை பார்க்க வந்த இன்னும் ரெண்டு நர்ஸும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. "நீங்க ரெண்டு பேரும் காட்டுங்க"ன்னார் மாசானம். சிரிப்பு நின்னுருச்சு. ஒருத்தங்க குலுக்க மறந்தாங்க. இன்னொருத்தங்க மூச்சை அடக்கவே இல்லை. ஆக இன்ஹேலரைத் தொட்டவங்க நாலு பேரு, நாலு பேருக்கும் தெரியலை. ஆனா தெரியலைன்னு நாலு பேருக்கும் தெரிஞ்சுருச்சு. அன்னிக்குக் காலையில அதுகூட இல்லை.

அப்போ மாசானம் மனசை ஆத்திக்கிறதுக்காகப் பையில இருந்து சீவாளியை எடுத்தார். சீவாளின்னா நாயனத்தோட நுனியில செருகுற சின்ன நாணல் பட்டை, அதுலதான் வாய் வச்சு ஊதுவாங்க. அதை வாய்ல வச்சு நனைச்சார். எச்சில் கூடிப் போச்சு போல. சர்ர்ருனு ஒரு இழுப்பு இழுத்தார்.

சிஸ்டர் நாற்காலியில இருந்து துள்ளி எழுந்தாங்க. "அண்ணாச்சி! இப்போ என்ன பண்ணீங்க?"

"சீவாளியில தங்கின எச்சியை இழுத்தேன். இல்லைன்னா கரகரன்னு பேசும்."

"ஊதினீங்களா?"

"இல்லையே, உறிஞ்சினேன்."

"கன்னம் உப்பலை! மூக்கும் இழுக்கலை! நீங்க அதையே பண்ணுங்க. சீவாளின்னு நினைச்சுக்கங்க. மெதுவா, நீளமா."

மாசானம் இன்ஹேலரைப் பார்த்தார். சீவாளியைப் பார்த்தார். மூச்சை முழுசா வெளிய விட்டார், ஹாஆஆ. வாய்ல வச்சார். இழுக்க ஆரம்பிச்சார், அமுக்கினார். ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்... எல்லாம் உள்ள! ஒரு இழை புகைகூட வெளிய வரலை. "அடக்குங்க, பத்து எண்ணுங்க!" மாசானம் எண்ணலை. தொடையில தாளம் போட்டார். ஆதி தாளம், எட்டு. அப்புறம் மேல ரெண்டு தட்டு, அம்மன் பேருக்கு. அப்புறம் மெதுவா விட்டார். பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த கருத்தையா, "சபாஷ்!"னார்.

ம்... ம்...

கண்ணு சொருகுது. கொஞ்சம்தான் இருக்கு, பொறு.

அப்புறம் தினம் காலையும் சாயங்காலமும் மாசானம் சர்ர்ருனு இழுக்கிறதும், தாளம் போடறதும், கொப்பளிச்சுத் துப்பறதும்தான். பூனை சின்னதாச்சு. அப்புறம் குட்டியாச்சு. அப்புறம் எப்பவாவது ஒரு மியாவ்.

கொடை வந்துச்சு. நல்ல உச்சி வெயில். கோயில் வாசல்ல பரமார்த்தலிங்கம் போனைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறார். செண்டைக்காரங்க வேன் பக்கத்து ஊர் வரைக்கும் வந்தாச்சு, ஒரு சொல் சொன்னாப் போதும். கருத்தையா தவிலை மாட்டினார். தும்! மாசானம் நாயனத்தை எடுத்தார். கூட்டத்து ஓரத்துல ஜெபக்கனி சிஸ்டர் நிக்கிறாங்க. அவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, அம்மனுக்கு அறிமுகம் இல்லாதவங்க. ஆனா அன்னிக்கு அம்மனைவிட அவங்களுக்குத்தான் படபடப்பு.

பீஈஈ... ஆரம்பிச்சுது. தகதும், தகதும். மேல ஏறுது. இன்னும் ஏறுது. போன மாசம் அறுந்த இடம் வரப் போகுது. சிஸ்டர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டாங்க. வந்துருச்சு அந்த இடம். பீஈஈஈஈஈ... தாண்டிருச்சு! நிக்கலை, போய்க்கிட்டே இருக்கு. தவில் துரத்துது, நாயனம் ஓடுது, உள்ள மணி கணகணகணன்னு அடிக்குது. பரமார்த்தலிங்கம் போனைச் சட்டைப் பையில போட்டுட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டார். அப்பவும் நாயனம் நிக்கலை.

பின்னால இருந்து பூரணம் ஓடி வந்து சிஸ்டர் முதுகுல தட்டினாங்க. "சிஸ்டரம்மா, மூச்சை விடுங்க! முகமெல்லாம் நீலமாப் போகுது! அவரு நல்லாத்தான் இருக்காரு, உங்களுக்குத்தான் இழுப்பு வந்துரும் போல!"

ஹாஆஆ... விட்டாங்க.

அவ்வளவுதான் கண்ணு. மாசானம் சோறு தின்னுட்டு வீட்டுக்குப் போயாச்சு. செண்டை வேன் திரும்பிப் போயாச்சு. அம்மன் கோயில் நடையும் சாத்தியாச்சு. கதையில யாரும் முழிச்சிருக்கலை, நீ மட்டும் எதுக்கு? ஒருக்களிச்சுப் படு. தூங்கு.