மணல்திட்டு ஆலாக்களின் கூச்சல்

ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. அதில் நாற்பது ஆலாப் பறவைகள் குஞ்சு பொரித்திருந்தன. குஞ்சுகள் மணலோடு மணலாக ஒட்டிக் கிடக்கும். பருந்தின் கண்ணுக்கே தெரியாது. எல்லாக் குஞ்சுகளுக்கும் ஒரே பாடம்தான்: "அம்மா குரல் கேட்டா ஓடி வா. கேக்கலையா, என்ன ஆனாலும் அசையாதே!"

மஞ்சள்மூக்கி என்ற ஆலாவுக்கு ஒரே குஞ்சு. பெயர் பொட்டு. மற்ற இரண்டு முட்டைகளைக் காக்கை கொண்டுபோய்விட்டது. நாலு மீன் பிடித்தால் மஞ்சள்மூக்கி ஒன்றைத் தின்பாள், மூன்றைப் பொட்டுவுக்குக் கொண்டு வருவாள். தாழப் பறந்து, "கிர்ரீ" என்று மெல்லக் கூப்பிடுவாள். பொட்டு தத்தித் தத்தி ஓடி வரும்.

எல்லாத் தாய்களும் அப்படித்தான் இருந்தார்கள். கெடுத்தது நெட்டிறகி என்ற ஒருத்தி. ஒருநாள் தாழ இறங்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, உயரத்திலிருந்தே தொண்டை கிழியக் கத்தினாள். அவள் குஞ்சு ஓடி வந்தது. பக்கத்தில் கிடந்த பொட்டுவுக்கோ தன் அம்மா கூப்பிட்டதே காதில் விழவில்லை.

"ஏன்டி இப்படிக் கத்துறே? என் பிள்ளைக்கு நான் கூப்பிடுறது கேக்கலையே!" என்றாள் மஞ்சள்மூக்கி.

"கேக்கலைன்னா நீயும் சத்தமா கூப்பிடு! யாரு வேணாம்னா?"

மஞ்சள்மூக்கி குரலை உயர்த்தினாள். அதனால் அடுத்தவளின் குஞ்சுக்குக் கேட்கவில்லை, அவளும் உயர்த்தினாள். நாலே நாளில் நாற்பது பேரும் கத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், எந்தக் குஞ்சுக்கும் முன்பைவிட நன்றாகக் கேட்கவில்லை! தாய்களுக்குத் தொண்டை புண்ணானதுதான் மிச்சம். கத்தக் கத்தப் பசி எடுத்தது. இப்போது நாலு மீனில் மூன்றைத் தாயே தின்ன வேண்டியிருந்தது, பிள்ளைக்கு ஒன்றுதான். பொட்டுவின் கழுத்து நூலாக இளைத்துவிட்டது.

எல்லாரும் கூடிப் பேசினார்கள். "நாளையிலிருந்து பழையபடி மெல்லக் கூப்பிடுவோம்!" என்று இறக்கையடித்துச் சத்தியம் செய்தார்கள்.

கரையோரம் இரை பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் உள்ளான் குருவி தலையை நிமிர்த்தியது. "வெறும் சத்தியம் போதாதுக்கா. கத்துறவ தன் மீன்ல ஒண்ண அடுத்தவ பிள்ளைக்குக் குடுக்கணும்னு வைங்க. அப்பத்தான் வாய் அடங்கும்."

"பிள்ளை வளக்குறதை நீ எங்களுக்குச் சொல்லித் தரியா? போய்ப் புழு பொறுக்கு, போ!" என்றாள் நெட்டிறகி.

எல்லாரும் சிரித்தார்கள். மஞ்சள்மூக்கியும் சிரித்தாள்.

மறுநாள் காலை அவள் மீனோடு திரும்பினாள். திட்டு அமைதியாக இருந்தது. அவள் யோசித்தாள். 'மத்தவங்க மெல்லக் கூப்பிட்டா, நான் மட்டும் கத்துனாப் பொட்டு முதல்ல சாப்பிடும். மத்தவங்க கத்துனாலோ, நான் கத்தலைன்னாப் பொட்டு பட்டினி. எப்படிப் பார்த்தாலும் கத்துறதுதானே நல்லது?'

கணக்கில் பிழையே இல்லை. அதுதான் கொடுமை. மற்ற முப்பத்தொன்பது பேரும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தார்கள். மதியத்துக்குள் திட்டில் மறுபடியும் காது கிழிந்தது.

அதற்கு மூன்றாம் நாள் மலையில் மழை. ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி வந்தது. திட்டின் கிழக்கு முனையில் ஒரு பாறை உண்டு. எந்த வெள்ளத்திலும் அது முழுகியதில்லை. குஞ்சுகள் அங்கே ஓடினால் பிழைத்துக்கொள்ளலாம். இருபது தப்படி தூரம், அவ்வளவுதான்.

நாற்பது தாய்களும் பாறைக்கு மேலே பறந்து ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஒவ்வொருத்தியா கூப்பிடுங்க! மத்தவங்க வாயை மூடுங்க!" என்று உள்ளான் கெஞ்சியது. தன் பிள்ளை தண்ணீருக்கு நடுவே கிடக்கும்போது எந்தத் தாய் முதலில் வாயை மூடுவாள்?

பொட்டுவின் காலைத் தண்ணீர் தொட்டது. அது தலையைத் தூக்கிக் காது கொடுத்துக் கேட்டது. மஞ்சள்மூக்கி பதறிப்போய்த் தாழ இறங்கி, அதன் தலைக்கு மேலேயே கூப்பிட்டாள். இத்தனை நாள் கத்திய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. மேலே முப்பத்தொன்பது பேர் அலறிக்கொண்டிருந்தார்கள்.

பொட்டுவுக்கு அம்மா குரல் கேட்கவில்லை. சொல்லிக் கொடுத்தபடியே, அசையாமல் மறுபடியும் மணலில் படுத்துக்கொண்டது. மற்ற குஞ்சுகளும் அப்படித்தான் படுத்துக் கிடந்தன.

வெள்ளம் வடிய ஒரு பகல் ஆயிற்று. திட்டு கழுவித் துடைத்தாற்போல் கிடந்தது. யாரும் கத்தவில்லை, கூப்பிட யாருக்கும் பிள்ளை இல்லை.

மஞ்சள்மூக்கி பொட்டு படுத்திருந்த இடத்தில் போய் நின்றாள். புண்ணான தொண்டையால், கிட்டத்தட்ட மூச்சாகவே, "கிர்ரீ" என்றாள். அது அக்கரை வரைக்கும் போயிற்று.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெட்டிறகி தலை தூக்காமலே சொன்னாள்: "நல்லாக் கேக்குதுடி."

தன் குரல் மட்டும் கேட்க வேண்டும் என்று எல்லாரும் கத்தும் இடத்தில், யார் குரலும் யாருக்கும் கேட்காது.