ஏணி வைத்து அறுத்த பலா

இதைக் கேட்பவர் முதலில் அறிய வேண்டியவை சில உண்டு.

சங்கிலி வாளின் அலகில் ஓர் இரும்புச் சட்டத்தைப் பொருத்தினால், வீட்டு முற்றத்திலேயே மரத்தைப் பலகைகளாக அறுக்கலாம். சட்டம் மரத்தின் மேல்முகத்தின்மீது ஊர்ந்து செல்லும். வாள் அதற்குக் கீழே, வைத்த ஆழத்தில், படுக்கையாக அறுத்துக்கொண்டு போகும். மேல்முகம் நேராக இருந்தால் பலகையும் நேராக வரும். அது வளைந்திருந்தால் பலகைக்கும் அதே வளைவு வரும். அடுத்த பலகைக்கும் வரும். உருண்டை மரத்துக்குத் தட்டையான மேல்முகம் இல்லை. ஆகையால் முதல் அறுவைக்கு மட்டும் ஏணி போன்ற ஒன்றைக் கிடத்தி, அதன்மீது சட்டத்தை ஓட்டுவார்கள்.

ஆலங்குடிக்குக் கிழக்கே ஓர் ஊரில், அடைக்கலம் என்பவர் கொல்லையிலிருந்த பலாவைப் புயல் சாய்த்தது. புதிதாகக் கட்டிவரும் வீட்டுக்கு அதில் வாசல் நிலை செய்ய வேண்டும் என்றார் அவர். தம் தையற்கூடத்தில் துணி விரித்து வெட்ட, ஒட்டுப்போடாத அகலப் பலகையில் மேசை வேண்டும் என்றார் அவர் மனைவி மங்கையர்க்கரசி. நிலைக்கு மரத்தை நெடுக்காகப் பிளக்க வேண்டும். மேசைக்குப் பிளக்கக் கூடாது. இரண்டுக்கும் அந்த அடிமரம் போதாது.

மரவேலையில் இருவருக்கும் குரு ஒருவரே. சகாயமேரி என்பது பெயர். ஊரார் மேஸ்திரி என்பார்கள். வயதில் அவர் தம் சீடர்கள் இருவருக்கும் இளையவர்.

குரு ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் மங்கையர்க்கரசி ஓடிவந்தார்.

"மேஸ்திரி, உள்ள வந்து பாருங்க! மஞ்சள அரைச்சு அப்பின மாதிரி இருக்கு!"

"நான் வர்ற வரைக்கும் தொடாதீங்கன்னு சொன்னேனேக்கா."

"மெஷின் வந்துருச்சு. மரம் கெடக்கு. கை எப்படி சும்மா இருக்கும்?" என்றார் அடைக்கலம். அவர் மீசையெல்லாம் மஞ்சள் தூளாக இருந்தது. "ரெண்டு பலகை எடுத்துட்டோம். வெண்ணெய் மாதிரி போகுது!"

குரு அப்பலகைகளைப் புதுவீட்டின் சிமெண்டுத் தரையில் கிடத்தச் சொன்னார். ஒரு முனையைக் காலால் அழுத்தினார். மறுமுனை எழுந்தது. காலை எடுத்தார். 'டக்'கென்று விழுந்தது.

"முதல் அறுவைக்கு எத வெச்சீங்க?"

"எங்க அலுமினிய ஏணிய. நல்ல ஏணி மேஸ்திரி. வெள்ளையடிக்க நானே அதுலதான் ஏறுவேன்."

"நீங்க ஏறின ஏணி எப்படி நேரா இருக்கும்?" என்றார் மங்கையர்க்கரசி.

"வைங்கன்னு சொன்னது யாரு?"

"நேரா இருக்குன்னு சத்தியம் பண்ணது யாரு?"

குரு மரத்தைச் சுற்றி வந்து, எஞ்சிய தடிமனைக் கையால் அளந்தார்.

"இன்னும் ஒரு பலகை இப்படிப் போனா மேசையும் கெடையாது, நிலையும் கெடையாது" என்றார்.

மங்கையர்க்கரசி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ரெண்டாவது பலகை முதல் பலகையப் பாத்து வருது. முதல் பலகை ஏணியப் பாத்து வந்துச்சு. ஏணி எதப் பாத்து நேராகணும், மேஸ்திரி?"

குரு ஸ்கூட்டர்ப் பெட்டியைத் திறந்து ஒரு நூற்கண்டை எடுத்தார்.

மரத்தின் இரு முனைகளிலும் குறுக்குக்கட்டை அடித்து, ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை சரிசெய்தார். அவற்றின்மீது இரண்டு நூல்களை, மரத்தின் இரு ஓரமாக, நெடுக்கே போட்டார். ஒரு பக்கத்து முனைகளை அடைக்கலத்தின் இரு கைகளிலும், மறுபக்கத்து முனைகளை மங்கையர்க்கரசியின் இரு கைகளிலும் கொடுத்தார்.

"இழுங்க."

இழுத்தார்கள். குரு திருகாணிகளை வரிசையாக மரத்தில் இறக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றின் தலையும் நூலைத் தொட வேண்டும், தூக்கக் கூடாது. அதன் கூர்முனை, வாள் போகும் ஆழத்தை எட்டக் கூடாது.

பாதி வேலையில் அடைக்கலம் எதிரே நின்ற மனைவியைப் பார்த்தார். நெற்றியில் மரத்தூளும் வியர்வையுமாக, அவர் பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அடைக்கலத்துக்கு மனம் இளகிவிட்டது.

"சரி மங்கை. மேசையே இருக்கட்டும். நான் விட்டுக்குடுத்துடறேன்."

நூல் தொய்ந்து திருகாணிகளின்மேல் படுத்தது.

"அண்ணே, நூலு!"

"விட்டுக்குடுக்குறேன்னு சொல்லிட்டேன் மேஸ்திரி."

"இப்ப விடாதீங்க. இழுங்க."

அவர் இழுத்தார். இப்போது மங்கையர்க்கரசியின் கண் கலங்கியது.

"அவரு கேட்டதும் நியாயந்தான். வாசல்னா வீட்டுக்கு மொகமில்லையா? நிலையே செய்யட்டும்."

நூல் அந்தப் பக்கம் தொய்ந்தது.

"அக்கா, நீங்களுமா?"

குரு திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு மரத்தின்மேலேயே உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் நல்லவங்களா இருக்கறத அறுத்து முடிச்சப்புறம் வெச்சுக்கங்க. மேசை யாருக்கு வேணும்?"

"எனக்கு" என்றார் மங்கையர்க்கரசி, மெல்ல.

"கேக்கல."

"எனக்கு!"

"நிலை?"

"எனக்குத்தான்!" என்று அடைக்கலம் கத்தியதில் வேலிக்கு அப்பாலிருந்த கோழிகள் சிதறின.

"அப்படி இழுங்க."

நூல் விண்ணென்று நின்றது. குரு மீதித் திருகாணிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். ஏணியை ஒரே ஒரு முறை நூலருகே பிடித்துக் காட்டினார். நடுவில் ஒரு கட்டைவிரல் நுழையும் இடைவெளி தெரிந்தது. அடைக்கலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குரு புதுவீட்டு வேலைக்காகக் கிடந்த தடித்த பிளைவுட் பலகையைத் திருகாணித் தலைகளின்மேல் கிடத்தி இறுக்கினார்.

பிறகு மூவரும் காதடைப்பும் கண்ணாடியும் அணிந்தார்கள். குரு வாளை முடுக்கி, பிடியை மங்கையர்க்கரசியிடம் கொடுத்தார். அடைக்கலம் பக்கத்தில் நடந்து, வெட்டுவாய் மூடிக்கொள்ளாதபடி ஆப்புகளைச் செருகிக்கொண்டே வந்தார். சங்கிலி வாய்நிறைய மரத்தைத் தின்று மஞ்சள் மஞ்சளாகத் துப்பிற்று. பலா வாசனை தெருவரை போயிற்று. அலகு மறுமுனையில் வெளிவந்ததும் குரு வாளை வாங்கி நிறுத்தினார்.

இருவரும் மேலிருந்த வளைந்த துண்டைத் தூக்கினார்கள்.

கீழே, அந்த மரம் அதுவரை யாருக்கும் காட்டாத முகம், வெயிலில் பளீரென்று கிடந்தது. குரு அதன்மேல் நூலைப் பிடித்தார். எந்த இடத்திலும் அடியில் வெளிச்சம் தெரியவில்லை.

"ஐயோ, மேஸ்திரி!" மங்கையர்க்கரசி இரு உள்ளங்கைகளாலும் அதைத் தடவிக்கொண்டே முனைக்கு முனை ஓடினார். "என்னங்க, தொட்டுப் பாருங்க! கண்ணாடி, கண்ணாடி!"

அடைக்கலம் தொட்டார். ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கையை நீட்டினார், கை போதவில்லை.

"இதப் போய் யாராவது பொளப்பாங்களா?" என்றார் பிறகு.

"அடுத்ததுக்கும் நூல் பிடிக்கணுமா, மேஸ்திரி?" என்றார் மங்கையர்க்கரசி.

"வேணாம். இனி இந்த மொகமே வழிகாட்டும். நேரா ஓட்டிக்கிட்டே போங்க."

பின்னர் முடிவானவை இவை. அடிமரத்தின் மிக அகலமான பலகை மேசைக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதை முதலில் சொன்னவர் அடைக்கலம். நூல் அப்போது யார் கையிலும் இல்லை. எல்லாப் பலகைகளும் இடையிடையே மெல்லிய ரீப்பர்க் கட்டைகளை வைத்து நிழலில் காய அடுக்கப்பட்டன. வளைந்து போனவை குட்டையாக வெட்டப்பட்டுச் சமையலறை அலமாரித் தட்டுகளாயின. குட்டைத் துண்டில் வளைவு தெரியவில்லை. ஏணி வெள்ளையடிக்க மட்டும் என்றாயிற்று. வாசல் நிலைக்கு வேறு மரம் என்பதும் முடிவாயிற்று. ஆனால் அடைக்கலம் வேம்பு என்றார். மங்கையர்க்கரசி தேக்கு என்றார். அது முடிவாகவில்லை.

இருவரும், வேறோர் இடத்தில் மரம் அறுத்துக்கொண்டிருந்த குருவிடம் போனார்கள்.

"எங்க ரெண்டு பேர்ல யாரு சொல்றது சரி, மேஸ்திரி?"

குரு வாளை நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் இன்னும் விடலையா?"

"விடல" என்றார்கள் இருவரும்.

"அப்ப நூல எடுத்துக்கிட்டு நாளைக்கே வர்றேன்" என்றார் குரு.