பாகல்கொடி ஏறிய கல்

ஆற்றுக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்று கேட்காதீர்கள், ஒரு ஊர் இருந்ததாம். அந்த ஊரில் ஒரு ராஜா இருந்தாராம். ராஜா இருந்தால் அரண்மனை இருக்கும், அரண்மனை இருந்தால் அங்கேயும் சாவு இருக்கும், இல்லையா? அரண்மனையில் செத்தவர்களை மேட்டில் புதைப்பார்கள். மற்ற எல்லாரையும் ஆற்றோரப் பள்ளத்தில் புதைப்பார்கள். மேட்டில் ஆளுக்கு ஒரு கல், அந்தக் கல்லில் பேர், ஜெயித்த போர், கொன்ற யானை. பள்ளத்தில் கல் வைக்கக் கூடாது. செங்கல் வைக்கக் கூடாது. ஒரு கூழாங்கல்கூட வைக்கக் கூடாது. அது ராஜா போட்ட சட்டம்.

இரண்டு இடத்திலும் குழி தோண்டுகிறவள் ஒருத்திதான். மூக்காயி என்று பேர். அவளுக்கு முன்னால் பிறந்த நாலு பிள்ளையும் தங்கவில்லை, இவளாவது தங்கட்டும் என்று பிறந்த அன்றைக்கே மூக்கைக் குத்தி அந்தப் பேரை வைத்தார்கள். தங்கினாள்.

மேட்டில் அவள் குழியைத் தோண்டிவிட்டு வாய் திறக்காமல் நிற்க வேண்டும். பள்ளத்தில் அவளுக்கு ஒரு முறை உண்டு. உடம்பைக் குழியில் இறக்கியதும் வீட்டுக்காரர்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "இவுங்களுக்கு என்ன புடிக்கும்?" பதில் வராமல் ஒரு பிடி மண் விழாது. மொச்சை என்றால் மேலே மொச்சை போடுவாள். பாகல் என்றால் பாகல். ஒரு தடவை ஒரு கிழவி, "எங்க வீட்டு ஆளுக்குக் கள்ளைத் தவிர ஒண்ணும் புடிக்காது" என்றாள். மூக்காயி ஒரு பனங்கொட்டையைப் புதைத்தாள்.

"கள்ளு எறங்க இருவது வருசம் ஆகுமேடி?"

"காத்துக் கெடக்கட்டும். இனிமே அவருக்கு என்ன சோலி?"

அழுதுகொண்டிருந்த கிழவி சிரித்துவிட்டாள்.

மூக்காயிக்கு ஒரே மகள். பூவாத்தா. ஆறு வயசில் காய்ச்சல் கண்டு செத்துப் போனாள். அந்தக் குழியையும் மூக்காயிதான் தோண்டினாள். சுற்றி நின்றவர்களிடம் கேட்கவில்லை, தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். "எம் புள்ளைக்கு என்ன புடிக்கும்? வெள்ளரிப்பிஞ்சு புடிக்கும்." வெள்ளரி போட்டாள்.

வெள்ளரிக்கொடி மரமா, நிற்க? கோடையில் காய்ந்துவிடும். அதனால் கடைசிக் காயைப் பழுக்க விட்டு, விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி, சாணியில் பதித்து, வறட்டி மாதிரி வீட்டுச் சுவரில் அப்பி வைப்பாள். பாகலுக்கு ஒரு வறட்டி, மொச்சைக்கு ஒரு வறட்டி, பூவாத்தாவுக்கு ஒரு வறட்டி. அவள் சுவரைப் பார்த்தால் ஊரில் செத்தவர்கள் எல்லாரும் வரிசையாக இருப்பார்கள். மழை விழுந்ததும் வறட்டியை உடைத்து அவரவர் இடத்தில் விதையைத் திரும்பப் போட்டுவிடுவாள்.

ஒரு நாள் ராஜா தன் அப்பாவின் திதிக்கு மேட்டுக்கு வந்தார். அப்பாவின் கல்லில் ஒரு ஓணான் உட்கார்ந்திருந்தது. வேறு யாரும் இல்லை. கீழே பார்த்தால் பள்ளம் பச்சைப்பசேல் என்று கிடக்கிறது, கொடிக்குப் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து பேசுகிறாள், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு ஒருத்தன் அழுகிறான்.

"அங்க என்னய்யா கூட்டம்?"

மந்திரி சொன்னார், "செத்தவங்களப் பாக்க வந்திருக்காங்க மகாராசா."

"கல்லில்லாம எப்படி எடம் தெரியுது?"

"செடியை வெச்சுத் தெரிஞ்சுக்கிறாங்க."

"அடையாளமே இருக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"கல்லு கூடாதுன்னுதான் மகாராசா சொன்னீங்க."

ராஜாவுக்கு முகம் கறுத்துவிட்டது. செடியை எல்லாம் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினார்கள். மழை பெய்தது, உதிர்ந்து கிடந்த விதை முளைத்தது. தீ வைக்கச் சொன்னார். வைத்தார்கள். மழை பெய்தது, மூக்காயி சுவரிலிருந்த வறட்டியை உடைத்துப் போட்டாள், முளைத்தது. மூன்றாவது தடவை ராஜா, "கழுதையைப் பூட்டி உழுங்கடா, எது யார் எடம்னு தெரியாமப் போகட்டும். மேல கல்லப் பாவுங்க. நான் செத்தா என்னை அங்க நடுவுல வைக்கணும். எவன் எவனைப் பாக்க வர்றான்னு பாக்கலாம்" என்றார்.

மூக்காயி அரண்மனைக்கு ஓடினாள். ராஜா முன்னால் விழுந்தாள்.

"சாமி, மூணு முழம் விட்டுருங்க. சின்னப் புள்ள. பெரிய எடம் வேணாம்."

"யாரு அது?"

"எம் மக பூவாத்தா."

"என்ன செஞ்சா அவ? போருக்குப் போனாளா?"

"இல்ல சாமி."

"யானையக் கொன்னாளா?"

"இல்ல சாமி."

"பின்ன என்னதான் செஞ்சா?"

மூக்காயி யோசித்துப் பார்த்தாள். "வெள்ளரிப்பிஞ்சு தின்னா சாமி."

சபையே சிரித்தது. ராஜா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவள் எழுந்து, சபையின் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். அடங்கியதும் ராஜா, "போ" என்றார்.

அன்றைக்கே உழுதார்கள். குறுக்கே உழுதார்கள், நெடுக்கே உழுதார்கள், கோணலாகவும் உழுதார்கள். பிறகு கல் பாவினார்கள். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மட்டும் மண்ணை விட்டு, தலைமாட்டில் ராஜாவின் கல்லை நட்டார்கள். இரண்டு ஆள் உயரம். பேரும் போரும் யானையும் அப்போதே செதுக்கியாகிவிட்டது.

மழை வந்தது. மூக்காயி சுவரைப் பார்த்தாள். வறட்டி எல்லாம் இருக்கிறது, போட மண் இல்லை. செத்தவர்களைப் பார்க்க வந்தவர்கள் கல்லின் மேல் கொஞ்ச நேரம் நின்றார்கள், எங்கே பார்த்து அழுவது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். அப்படியே மூன்று வருஷம் போயிற்று. ஒவ்வொரு வருஷமும் அவள் பழைய விதையை முற்றத்தில் ஒரு பானையில் போட்டு, புது விதை எடுத்து, மறுபடியும் சுவரில் அப்பினாள். முளைப்பு மட்டும் நின்றுவிடக் கூடாது என்று.

அப்புறம் ராஜா செத்துப் போனார். அவருக்கும் காய்ச்சல்தான். மூன்றே நாள்.

நடுவில் விட்ட மண்ணில் மூக்காயி குழி தோண்டினாள். தோண்டும்போது ஒரு சின்னக் கருவளைத் துண்டு வந்தது. எந்தப் பிள்ளையுடையதோ. உழுத மண், யாருக்குத் தெரியும்? புடவை முந்தியில் துடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மண்ணிலேயே வைத்தாள்.

யானை வந்தது, குதிரை வந்தது, மேளம் வந்தது. ராஜாவைக் குழியில் இறக்கினார்கள். மூக்காயி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"இவுங்களுக்கு என்ன புடிக்கும்?"

தளபதி கத்தினான். "ஏய், மண்ணத் தள்ளு!"

"மேட்டுல நீங்க சொன்னதக் கேட்டேன். இது பள்ளம் சாமி. ராசாவே தேடி வந்த எடம். இங்க பதில் வராம மண்ணு விழாது."

தளபதி ராணியைப் பார்த்தான். ராணி, "எங்கிட்ட பேசினதெல்லாம் சண்டையப் பத்தித்தான்" என்றாள். ராணி மந்திரியைப் பார்த்தாள். மந்திரி, "என்ன புடிக்காதுன்னு கேட்டா சொல்லுவேன்" என்றார். மந்திரி சமையல்காரனைப் பார்த்தார். சமையல்காரன் கையைப் பிசைந்தான். "எதப் போட்டாலும் விஷமா இருக்கும்னு மூணு பேரத் தின்னச் சொல்லுவாருங்க. ஆறி அவுலாப் போனப்புறம் ரெண்டு வாய் வைப்பாரு. ருசி பாத்து நான் கண்டதில்ல."

மேளம் நின்றுவிட்டது. வெயில் சாய்ந்தது. அத்தனை ஜனத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. மூக்காயி குழிக்குள் பார்த்தாள். பட்டுக்குள்ளே சின்னதாகத்தான் இருந்தார். அவளுக்கே பாவமாக இருந்தது.

மந்திரி கடைசியில் சொன்னார், "பொழுது போகுது தாயி. உனக்குத் தெரிஞ்சதப் போடு."

அவள் குழியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். சுவரிலிருந்த வறட்டி எல்லாவற்றையும் பெயர்த்துக் கூடையில் எடுத்து வந்தாள். ஒவ்வொன்றாக உடைத்து, ஒவ்வொரு பேராகச் சொல்லி, அந்த ஒரு ஆள் அகல மண்ணில் போட்டாள். வெள்ளரியைக் கடைசியில், ஓரமாக.

மண் அமுங்க ஒரு மழை போக வேண்டும், பிறகுதான் மேல்கல் வைப்பார்கள். மழை போனது. கல் தச்சர்கள் வந்து பார்த்தார்கள், அடர்ந்து முளைத்து நிற்கிறது. "தூக்கி வைங்கப்பா" என்றான் தளபதி. மூத்த தச்சன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "எங்க ஆத்தாவோட மொச்சை இதுல இருக்கு சாமி. நான் வைக்க மாட்டேன்." மற்றவர்களும் உளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ராணி, "விடு, கெடக்கட்டும்" என்றாள்.

ஜனம் மறுபடியும் வர ஆரம்பித்தது. ராஜா கேட்டாரே, எவன் எவனைப் பார்க்க வருகிறான் என்று? எல்லாரும் வந்தார்கள். ராஜாவைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. படர இடம் தேடிய பாகல் அந்தப் பெரிய கல்லில் ஏறி, யானையை மூடி, போரை மூடி, பேரையும் மூடிவிட்டது. பிள்ளைகள் யாராவது, "ஆத்தா, அது யாரோட கல்லு?" என்று கேட்டால், "அதுவா? பாகக்கொடி ஏறுறதுக்கு நட்ட கல்லு" என்பார்கள்.

மூக்காயியும் தினம் வந்து ஓரத்தில் உட்காருவாள். மகள் அங்கே இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பாவுகல்லுக்கு அடியில் எங்கேயோ இருக்கிறாள், அது எங்கே என்று சாகிறவரைக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் முதல் பிஞ்சு விட்டதும் இலையை விலக்கிப் பார்த்தாள். பறிக்கவில்லை. திரும்ப இலையால் மூடிவிட்டாள்.

அந்த ஊரில் மழை விட்டது, இந்த ஊரில் கதை விட்டது. ஒருத்தருக்கு என்ன பிடிக்கும் என்று அவர் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.