தை இரண்டாம் ஞாயிறு

"டீச்சர், அந்த ரெண்டு பேரையும் அந்தப் பலகையில சேர்த்துக் கட்டிட்டு நான் பத்து அம்பு விடுறேன். அனுமதி கொடுங்க."

கேட்டவர் கோமதிநாயகம். மாட்டுத் தரகர். வயது ஐம்பத்து நாலு. அவருடைய கோபம் மூக்கு நுனியில் இருக்காது, அவருக்கு ஒரு முழம் முன்னால் நடந்து போகும்.

டீச்சர் என்பது மரியபுஷ்பம். வில் பழக்குகிறவர். வயது முப்பத்தொன்று.

"நீங்க பத்து விட்டா ஏழு பலகைக்கு வெளியதான் போகும் அண்ணாச்சி. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

ரத்தக் கொதிப்புக்குக் கோமதிநாயகத்தை நடக்கச் சொன்னார் டாக்டர். நடந்தவர் ஒரு நாள் இந்த மைதானத்து வேலியோரம் நின்றார். நாணை இழுத்து, மூச்சைப் பிடித்து நிற்கிற அந்த மூன்று விநாடி யாரோடும் சண்டை போட முடியாது என்று கண்டுகொண்டார். இரண்டு வருஷமாக வருகிறார். பிறந்ததிலிருந்து அவர் சும்மா நின்ற இடம் இது ஒன்றுதான்.

அந்த இடம்தான் இப்போது கைவிட்டுப் போகப் பார்க்கிறது.

ஊரில் வில்லுக்கு இரண்டு அமைப்பு. சங்கம் ஒன்று, பேரவை ஒன்று. சங்கத்தின் செயலாளர் ஏகாம்பரம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பேரவைக்கு ஜெபசிங், டயர் கடை வைத்திருப்பவர். ஒன்றாக இருந்தவர்கள்தான். ஒரு நோட்டீசில் யார் பெயர் முதலில் என்பதில் பிரிந்து எட்டு வருஷம் ஆகிறது.

சங்கத்துப் போட்டியில் சுற்றுக்கு ஆறு அம்பு. பேரவையில் மூன்று. மூணு அம்புக்கு வில் எதற்கு, கவண் போதாதா என்பார் ஏகாம்பரம். அவங்க ஆறாவது அம்பு விடுறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும் என்பார் ஜெபசிங். அங்கே விட்டவனுக்கு இங்கே ஒரு வருஷம் தடை. இங்கே விட்டவனுக்கு அங்கே.

மைதானமோ ஒன்று. பெரிய போட்டிக்கு இருவரும் கேட்கிற நாளும் ஒன்று. தை இரண்டாம் ஞாயிறு. காற்றில்லை, வெயிலில்லை, மழையில்லை, பொங்கல் அலுப்பும் தீர்ந்திருக்கும்.

நகராட்சி பார்த்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட வருஷ அட்டவணை திங்கள் காலை பத்து மணிக்குள் வர வேண்டும், வராவிட்டால் மைதானம் மாட்டுச் சந்தைக்கு என்று சொல்லிவிட்டது.

மாட்டுத் தரகர் சந்தோஷப்பட வேண்டிய சேதி. அவருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இன்றைக்குச் சனிக்கிழமை.

பேசிப் பார்த்தீர்களா என்று கேட்டார் டீச்சர்.

பார்த்தாராம். சந்தையில் வாயால் பேரம் கிடையாது. துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துத்தான் முடிப்பார்கள். அந்த மாதிரியே இரண்டு வீட்டுக்கும் போய், துண்டுக்கு அடியில் தன் கையை நீட்டி, எந்த ஞாயிறு என்று கேட்டாராம். ஏகாம்பரம் இரண்டு விரலைப் பிடித்தார். ஜெபசிங்கும் அதே இரண்டு விரலைத்தான் பிடித்தார், இன்னும் கொஞ்சம் பலமாக.

"முட்டுற மாட்டையெல்லாம் வித்திருக்கேன் டீச்சர். இந்த ரெண்டையும் ஓட்டவே முடியல."

டீச்சர் வில்லை எடுத்தார்.

"வாங்க. ஒரே பலகை. ஆளுக்கு ஆறு அம்பு."

விட்டார்கள். பலகைக்கு நடந்தார்கள். டீச்சர் தன் மதிப்பெண் அட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு, அவருடையதை வாங்கிக்கொண்டார்.

அங்கே அதுதான் வழக்கம். தன் அம்பைத் தான் எழுதக் கூடாது. எதிராளி எழுத வேண்டும். அம்பு கோட்டைத் தொட்டிருந்தால் மேல் எண்.

டீச்சரின் அம்பு ஒன்று, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுக்கோட்டில் தொட்டும் தொடாமலும் நின்றது. தொட்டால் ஒன்பது, தொடாவிட்டால் எட்டு. கோமதிநாயகம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எட்டு என்று எழுதப் போனார்.

அப்போதுதான் கவனித்தார். தன் அம்பும் ஒன்று அதே கோட்டோரம் நின்றது. டீச்சரின் பேனா அதற்கு நேராக, எழுதாமல் காத்திருந்தது.

மறுபடி குனிந்தார். இந்தத் தடவை இரண்டு கண்ணாலும் பார்த்தார். தொட்டுத்தான் இருந்தது. ஒன்பது போட்டார்.

டீச்சர் அவருடைய அம்பை நிதானமாகப் பார்த்தார்.

"உங்களது தொடல அண்ணாச்சி. எட்டு."

கோமதிநாயகம் சண்டைக்கு வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"டீச்சர், இந்தப் பேனாவும் உங்க பேனாவும் நாளைக்கு எனக்கு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். வராவிட்டால் முதல் மாட்டை நானே கொண்டுபோய்க் கட்டுவேன் என்று சொல்லியிருந்தார். வந்தார்கள். ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஆளுக்கொரு தாள்.

"தாள் மாறிப்போச்சு. இதுல பேரவைன்னு போட்டிருக்கு," என்றார் ஏகாம்பரம்.

"மாறல சார். அட்டை எழுதுற மாதிரிதான். அவர் வருஷத்தை நீங்க எழுதுங்க, உங்க வருஷத்தை அவர் எழுதுவார். எத்தனை அம்புங்கிறதையும் சேர்த்து," என்றார் கோமதிநாயகம்.

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரவையின் பெரிய போட்டிக்கு நேரே 'ஆடி' என்று எழுதினார். இங்கே ஆடிக் காற்றில் விட்ட அம்பு பலகைக்குப் போகாது, பக்கத்து ஊருக்குப் போகும்.

ஜெபசிங் எட்டிப் பார்த்தார். சங்கத்தின் பெரிய போட்டிக்கு நேரே 'கத்திரி வெயில், மதியம் பன்னிரண்டு மணி' என்று எழுதினார்.

ஏகாம்பரம் 'ஆடி'யை அடித்தார். 'ஐப்பசி' என்று போட்டார். அடைமழை.

ஜெபசிங்கும் அடித்தார். 'ஆவணி முதல் ஞாயிறு' என்று போட்டார். ஏகாம்பரத்தின் பேத்திக்கு அன்றைக்குக் கல்யாணம்.

ஏகாம்பரம் நிமிர்ந்தார். எட்டு வருஷமாகப் பேச்சில்லாதவனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"வீட்டுக்கு வந்து பத்திரிகை வச்சாங்க சார், உங்க வீட்டம்மா. வெத்தலை பாக்கு பழத்தோட."

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. திரும்பவும் மாட்டிக்கொண்டு, 'ஐப்பசி'யை அடித்தார்.

அதற்குப் பிறகு இருவரும் மறைத்து மறைத்து எழுதினார்கள். பரீட்சை மாதிரி. அம்பு என்ற இடத்தில் ஏகாம்பரத்தின் பேனா ரொம்ப நேரம் நின்றது. பிறகு 'மூன்று' என்று எழுதியது. ஜெபசிங்கின் தாளில் 'ஆறு' விழுந்தது. அவரவர் எழுதினதற்குக் கீழே அவரவர் கையெழுத்து.

கோமதிநாயகம் இரண்டு தாளையும் வாங்கிப் படித்தார். முகம் சிவந்தது.

இரண்டு தாளிலும் பெரிய போட்டி தை இரண்டாம் ஞாயிறு, காலை ஏழு மணி.

"அது அவருக்கு நான் கொடுத்தது. நான் கையால எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க மாட்டேன். அவரே வச்சுக்கட்டும்," என்று ஏகாம்பரம் மேஜைக்கு மேலே கையை நீட்டினார்.

"நானும் கையாலதான் சார் எழுதினேன். நீங்க வச்சுக்குங்க." ஜெபசிங்கும் கையை நீட்டினார்.

நீங்க, நீங்க என்று தொடங்கியது, நீர்தான், நீர்தான் என்று ஏறியது. பழைய சண்டையைவிட இதற்குச் சத்தம் கூடுதல். நீட்டிய கைகளை ஒருவரும் மடக்கவில்லை. விடிந்தால் திங்கள்.

கோமதிநாயகம் மைதானத்தைப் பார்த்துத் திரும்பினார். டீச்சர் கோட்டில் நின்று அம்பைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மறுபடியும் ஒரே நாளைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு வேண்டாம்னு பிடிச்சுக்கிட்டாங்க. இதை எப்படி முடிக்கிறது?"

டீச்சர் திரும்பவில்லை.

"அண்ணாச்சி, உங்க தோள்ல என்ன கிடக்கு?"

கோமதிநாயகம் தோளைத் தடவிப் பார்த்தார். துண்டை எடுத்தார். நீட்டியிருந்த இரண்டு கைகளின் மேலும் போட்டு மூடினார்.

இந்தத் தடவை தன் கையை உள்ளே வைக்கவில்லை.