ஆறு மாச விருந்து

வெளிநாட்டுப் பிள்ளைங்க நிலைக்காதுன்னா சொல்லுத? அரிசி மூட்டைய இறக்கிட்டு அஞ்சு நிமிசத்துல போறவன் நீ. இந்த ஹாஸ்டல்ல இருபது வருசமா பொங்கிப் போடுதவ நான். உக்காரு, கேளு.

ஜாம்பியாவுல இருந்து நாலு பிள்ளைங்க வந்துச்சு. கூட்டிட்டு வந்தது நம்ம கருணாகரன் சார். வெளியூர்ப் பிள்ளைங்கள காலேஜுல சேக்கதும், ஓடிப்போவாம பாக்கதும் அவருக்கு வேல. அதுகளுக்குத் தனி மேசை, மெத்தை நாற்காலி, ரொட்டி, ஜாம். ஒரு தட்டக் கழுவ விடமாட்டாரு. எங்க அக்கா வீட்டுக்காரருக்குக்கூட நான் அப்படிக் கவனிச்சதில்ல. அந்த மனுசன் ஒரு தீவாளிக்கு வந்து பன்னெண்டு நாள் கெடந்து... சரி, அது பெரிய கத.

ஆறு மாசத்துல மூணு பிள்ளைங்க ஊருக்கே போயிருச்சு. கடைசில நாலாமத்தவ முத்தாலேயும் பெட்டியக் கட்டிட்டா. சார் மொகம் செத்துப்போச்சு. தனக்குப் பாடம் சொல்லித் தந்த ஹில்டா டீச்சரப் போயி கூட்டிட்டு வந்தாரு.

“இன்னும் என்ன செய்யணும் டீச்சர்?”

டீச்சர் நேரா மெஸ்ஸுக்கு வந்தாங்க. முத்தாலேயோட மெத்தை நாற்காலில அவுங்களே உக்காந்துக்கிட்டாங்க. அவ திருதிருன்னு முழிச்சா.

“என்னட்டி நிக்க? அம்புட்டுப் பேரும் பசியோட இருக்காளுவ. சாம்பார் வாளியத் தூக்கு.”

சாருக்கு வேர்த்துருச்சு. “டீச்சர், அவ வெளிநாட்டுப் பொண்ணு!”

“கை நம்மூருக் கை மாதிரிதானப்பா இருக்கு.”

தூக்கிட்டா. மொத வரிசைக்கே வெறுந்தண்ணியா ஊத்துதா. நம்ம பேச்சியம்மா சும்மா இருப்பாளா? “ஏட்டி, முருங்கக்காயெல்லாம் யாருக்கு ஒளிச்சு வச்சிருக்க?”

எல்லாரும் முத்தாலேயப் பாக்காளுவ. ஆறு மாசத்துல அந்தப் பிள்ளைய ஒருத்தியும் ஏசுனதில்ல பாத்துக்கோ. முத்தாலே கரண்டிய ஓங்கிட்டு, அரகொற தமிழ்ல சொன்னா: “கத்துனா போட மாட்டேன். கேட்டா போடுவேன்.”

மெஸ்ஸே சிரிச்சுது. அவளும் சிரிச்சா. எனக்கு அன்னிக்குத்தான் மூச்சே வந்துச்சு. சாயங்காலம் போயிப் பாக்கேன், பெட்டில இருந்த துணியெல்லாம் கொடில காயுது.

சார் டீச்சர்ட்ட கேக்காரு: “ஆறு மாசமா நான் ஒரு கொறையும் வைக்கலியே டீச்சர்?”

“விருந்தும் மருந்தும் மூணு நாளுதாம்ப்பா.”



ரெண்டு வருசம் ஆச்சு இது நடந்து. இன்னுமா நம்பல நீ?

ஏட்டி முத்தாலே! அந்த சாம்பார் வாளிய உள்ள கொண்டா! முருங்கக்காயோட கொண்டாட்டி!