துணைவேந்தரே எழுந்து நின்ற விழா

எங்கள் பல்கலைக்கழகத்தில் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. மவுசு என்னவோ மாண்பு மன்றத்துக்குத்தான். நல்ல மதிப்பெண் இருந்தாலே சேரலாம் என்பது விதி. அதன் மாணவர் தலைவர் இன்பசேகர் அப்படிச் சும்மா விடுவாரா?

இசை மன்றத்தில் பாடும் முதலாமாண்டு மாணவி பாண்டிமீனா போய்க் கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்கு ஆண்டு விழா. நான் அரங்கத்துக்குள்ள நுழையும்போது துணைவேந்தர்கூட எழுந்து நிக்கணும். செஞ்சு காட்டு, சேத்துக்கறேன்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சரிங்கண்ணா. எல்லாரும் உக்காந்த பிறகு கடைசியா வாங்க," என்றாள் அவள்.

மறுநாள் அரங்கம் நிரம்பியது. பட்டு வேட்டியில் இன்பசேகர் வாசலில் தலைகாட்டியதுதான் தாமதம், மேடையில் காத்திருந்த பாண்டிமீனா தமிழ்த்தாய் வாழ்த்தைத் தொடங்கினாள். துணைவேந்தர் முதல் கடைசி வரிசை வரை எல்லாரும் எழுந்தார்கள்.

இன்பசேகருக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டு எங்கே காதில் விழப்போகிறது? கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருபக்கமும் கும்பிட்டுக்கொண்டே நடந்து, முதல் வரிசையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு முடிந்தது. துணைவேந்தர் அவர் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிக்கத் தெரியாதா?"

"சார், எனக்காகத்தான் எல்லாரும் எழுந்தாங்கன்னு..."

அரங்கமே சிரித்தது. இன்பசேகர் மேடையை முறைத்தார். பாண்டிமீனா மைக்கை இன்னும் கையில்தான் வைத்திருந்தாள்.

"நீங்க சொன்னபடி எல்லாரும் நின்னாங்கண்ணா," என்றாள். "நீங்கதான் நிக்கல."